சித்தூர்ப் பகுதி ஆங்கிலக் குடும்பங்களும் இணையவழி ஆவணத் தொகுப்புகளும்: பெயர் பதியப்பெறாத தாயரை முன்வைத்து

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வூரில் சில காலம் வாழ்ந்து மறைந்த அயல்நாட்டுக் குடும்பங்களைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆட்சியர், நீதிபதி, படைத்தலைவர் என்ற பதவிப் பெயர்களோடு அவர்களைக் கடந்து விடுகின்றோம். அவர்களுடைய பிறப்பு, மணம், இறப்பு, உயில் பற்றிய செய்திகள் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் தமிழ் ஆய்வுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. அக்குடும்பங்களுட் பல, இந்நிலத்துப் பெண்டிரின் வயிற்றில் தோன்றியவை. ஆதலின் ஆங்கிலக் குடும்ப வரலாற்றிற்கெனத் தொகுக்கப்பெற்ற ஆவணங்கள் தமிழ்க் குடும்ப வரலாற்றிற்கும் மூலங்களாகின்றன. சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களை மையமாகக் கொண்டு, இன்று இணையத்தில் கிடைக்கும் அத்தகைய தொகுப்புகள் யாவை, அவற்றை அணுகும் முறை யாது, அவை எதனைக் கூறாது விடுகின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு ஊர்களின் நிலை

1801 ஜூலை 31இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அதன்பின் அமைந்த வடஆர்க்காடு மாவட்டத்திற்குச் சித்தூரே தலைநகராக விளங்கியது. ஆட்சியர் அலுவலகத்தோடு, சென்னை மாகாணத்தின் நடுமண்டலத்திற்குரிய மாகாண நீதிமன்றமும் அங்கு இயங்கியது. படைவீடும் இருந்தது. ஆகவே நீதிபதிகள், எழுத்தர்கள், மருத்துவர்கள், குருமார்கள், படைவீரர்கள் எனப் பல நிலையினரான ஆங்கிலேயர் அவ்வூரில் குடும்பத்தோடு வாழ்ந்தனர்.

திருப்பதியின் நிலை வேறு. 1801 முதல் 1843 வரை திருமலைக் கோயில் நிருவாகம் கம்பெனியின் மேற்பார்வையில் இருந்தது. 1803இல் ஆட்சியர் ஸ்டிராட்டன் கோயிலின் வருவாய், கட்டளை, பணியாளர் பற்றி விரிவான அறிக்கை அனுப்பினார். 1821இல் புரூஸ் என்பார் பெயரால் வழங்கும் நிருவாக விதித்தொகுப்பு உருவாயிற்று. இத்துணை நெருங்கிய தொடர்பு இருந்தும், மேற்பார்வை சித்தூரிலிருந்தே நடந்தமையால், திருப்பதியில் ஆங்கிலக் குடும்பங்கள் நிலையாகத் தங்கியமைக்கான தடயம் மிகக் குறைவு. 1843இல் நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பெற்ற பின்னர் அக்குறைந்த தொடர்பும் அருகியது.

இவ்வூர்களின் நிருவாக எல்லை பன்முறை மாறியது ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வடஆர்க்காட்டின் தலைநகர் வேலூருக்கு மாறியது. 1953இல் சித்தூர் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின் வழித் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஓர் ஆவணம் எழுதப்பெற்ற நாளில் அவ்வூர் எந்த மாவட்டத்தில், எந்த மாகாணத்தில் இருந்ததோ அப்பெயரிலேயே அது அடுக்கப்பெற்றிருக்கும். 1850இல் சித்தூரில் இறந்த ஒருவரை ‘ஆந்திரப் பிரதேசம்’ என்ற பெயரில் தேடுவோர் எதனையும் காணார். ‘சென்னை மாகாணம்’, ‘வடஆர்க்காடு’ என்ற பெயர்களிலேயே தேடல் வேண்டும். இன்றைய மாநில எல்லையை வைத்துத் தமிழ் ஆய்வாளர் சித்தூரை விடுத்தலும், மொழி எல்லையை வைத்துத் தெலுங்கு ஆய்வாளர் சென்னை ஆவணங்களை விடுத்தலும் இப்பகுதி வரலாற்றிற்கு நேர்ந்த இரட்டை இழப்பு எனலாம்.

இங்கிலாந்துப் பதிவுகள்

தேடலைத் தொடங்குமுன் இங்கிலாந்தின் பதிவு முறையை அறிதல் இன்றியமையாதது. அங்குப் பங்குத் திருச்சபைகள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற ஆணை 1538இல் பிறந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசுப் பதிவு முறை 1837 ஜூலை 1இல் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயரையும் முறையாகக் குறிக்கும் வழக்கம் 1841 முதல் காணப்பெறுகிறது. அவ்வேடுகள் நூறாண்டு கழிந்தே வெளியிடப்பெறும். 1921ஆம் ஆண்டுக்குரியவை 2022 ஜனவரியில் இணையத்திற்கு வந்தன. 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடைபெறவில்லை.

இவற்றுக்கான இணையத் தொகுப்புகளுள் சில கட்டணமின்றிக் கிடைப்பன. 1998இல் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற ‘ஃப்ரீ பிஎம்டி’ அரசுப் பதிவு அட்டவணைகளைப் படியெடுத்து வழங்குகிறது. அதன் உடன்பிறப்புகளாகிய ‘ஃப்ரீ ரெக்’, ‘ஃப்ரீ சென்’ ஆகியன முறையே திருச்சபைப் பதிவேடுகளையும் கணக்கெடுப்பு ஏடுகளையும் தருகின்றன. 1999இல் தொடங்கிய ‘ஃபேமிலி சர்ச்’ மோர்மோன் திருச்சபையினரின் முயற்சி. கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ‘ஃபைண்ட் மை பாஸ்ட்’, ‘ஆன்செஸ்ட்ரி’ போன்றவை கட்டணத் தளங்கள்.

தமிழறிஞர் பலர் ‘ஆங்கிலேயர்’ என்ற ஒரு சொல்லுள் பிரித்தானியத் தீவினர் அனைவரையும் அடக்கிவிடுகின்றனர். குடிவழி ஆய்வில் இது பெருந்தடையாகும். கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். போப் 1820இல், இன்று கனடாவின் பகுதியாக உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். இருவர் பிறப்பையும் இங்கிலாந்துப் பதிவுகளில் தேடுதல் வீண். அயர்லாந்தில் அனைவர் பிறப்பையும் பதியும் முறை 1864இலும், ஸ்காட்லாந்தில் 1855இலும்தான் வந்தன. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அயர்லாந்தின் பழைய கணக்கெடுப்பு ஏடுகளுட் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய 1901, 1911ஆம் ஆண்டு ஏடுகளை அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் கட்டணமின்றி இணையத்தில் வைத்துள்ளது. பழைய பிறப்பு, மண, இறப்புப் பதிவுகளையும் அந்நாட்டு அரசு அவ்வாறே வழங்குகிறது.

அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், பிரம்மஞான சபையாரின் கல்லூரியில் பணியாற்றிய கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் 1873இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அவர் மனைவி மார்கரெட் 1878இல் ராஸ்காமன் மாவட்டத்தைச் சார்ந்த பாயிலில் பிறந்தவர். 1919இல் தாகூர் மதனப்பள்ளி வந்தபோது ‘ஜன கண மன’ பாடலுக்கு இசைக்குறிப்பு அமைந்ததில் மார்கரெட்டின் பங்கு யாவரும் அறிந்தது. இவ்விருவர் குடிவழியை ஆய்வோர் இலண்டனை நோக்காமல் டப்ளினையும் பெல்ஃபாஸ்டையும் நோக்க வேண்டும்.

இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்

இந்தியாவில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளுக்கு மேற்கூறிய தளங்கள் பெரிதும் உதவா. அதற்குரியவை இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். ஒவ்வொரு நிலையத்துக் குருவும் தம் பதிவேட்டின் படியைத் தலைநகருக்கு அனுப்ப, அங்கிருந்து மற்றொரு படி இலண்டன் சென்றது. இவ்வாறு சேர்ந்த திருச்சபைப் பதிவுப் படிகள் ‘என்’ வரிசையில் அடுக்கப்பெற்றுள்ளன; அவற்றுள் ‘என் 2’ சென்னைக்குரியது. சென்னைப் பதிவுகள் 1698 முதல் தொடங்குகின்றன. வங்காளம், பம்பாய் இரண்டினும் இவை தொன்மையானவை. இவற்றின் படிமங்கள் 2014 முதல் ‘ஃபைண்ட் மை பாஸ்ட்’ தளத்தில் கிடைக்கின்றன. இவற்றுள் ஒரு பகுதிக்கான அட்டவணை ‘ஃபேமிலி சர்ச்’ தளத்தில் கட்டணமின்றி உள்ளது.

இவை படிக்குப் படி என்பதை மறத்தலாகாது. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சித்தூரில் எழுதப்பெற்ற மூலத்தைச் சென்னையில் ஒருவர் பெயர்த்தெழுத, இலண்டனுக்குச் சென்ற அப்படியை அண்மையில் மற்றொருவர் கணினிக்காகப் படித்திருக்கின்றார். ஒவ்வொரு நிலையிலும் பாடபேதம் தோன்ற இடமுண்டு. ஆகவே அட்டவணையோடு நில்லாது படிமத்தை நேரிற் காணலே முறை.

1998இல் தொடங்கப்பெற்ற ‘ஃபிபிஸ்’ எனச் சுருக்கி வழங்கும் பிரித்தானிய இந்தியக் குடும்பங்கள் கழகத்தின் தரவுத்தளம் கட்டணமின்றித் தேடத்தக்கது. செய்தித்தாள் அறிவிப்பு, கல்லறை வாசகம், கப்பற் பயணியர் பட்டியல், படைப்பிரிவுப் பட்டியல் முதலியன அதில் தொகுக்கப்பெற்றுள்ளன. 1976இல் தோன்றிய தென்னாசியக் கல்லறைகளுக்கான பிரித்தானியக் கழகமும் கல்லறைகளை ஆவணப்படுத்தி வருகிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுதி, ஆர்தர் காக்ஸ் எழுதி ஹெரால்டு ஸ்டூவர்ட்டால் திருத்தப்பெற்ற வடஆர்க்காடு மாவட்டக் கையேடு, பிரின்செப் தொகுத்த சென்னைக் குடிமைப் பணியாளர் பட்டியல் ஆகிய பழைய நூல்களும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ போன்ற தளங்களில் தேடத்தக்கன. காட்டனின் தொகுதி மாவட்ட வாரியாக அமைந்தது. சித்தூரை அதில் வடஆர்க்காட்டின்கீழ்க் காண வேண்டும்.

இந்தியாவில் வாழ்ந்த ஒருவரை இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊரோடு இணைப்பதே இவ்வாய்வில் கடினமான படி. கம்பெனியின் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தோர் தம் வயதை மெய்ப்பிக்கத் திருமுழுக்குச் சான்றினை இணைக்க வேண்டியிருந்தது. ‘ஜே 1’ என்னும் வரிசையில் உள்ள அவ்விண்ணப்பங்கள் 1749 முதல் 1856 வரையிலானவை. சித்தூரில் பணியாற்றிய குடிமைப் பணியாளர் ஒருவரின் பெயர் பிரின்செப் பட்டியலில் கிடைத்தால், அவர் பணியேற்ற ஆண்டைக் கொண்டு விண்ணப்பத்தையும், விண்ணப்பத்தின்வழி இங்கிலாந்துப் பங்கையும் அடையலாம். எளிய படைவீரர்க்கு இத்தகைய வாய்ப்பு அரிது. உயர்பதவியினர் வழித்தோன்றல்களே தம் முன்னோரை எளிதில் கண்டடைகின்றனர் என்பது இவ்வாவணங்களின் இயல்பிலேயே உள்ள சார்பு.

2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பு தாக்குதலுக்குள்ளானது; அதன் நூற்பட்டி உள்ளிட்ட பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. மின்னுருவாக்கம் செய்தமையால் ஆவணம் காக்கப்பெற்றுவிட்டது என்று கருதுவோர் இந்நிகழ்வை நினைவிற் கொள்க.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

சித்தூர் என்ற பெயரே தேடுபொறியை மயக்குவது. இராசபுதனத்துச் சித்தோர், கேரளத்துச் சிற்றூர் ஆகியவற்றின் ஆங்கில எழுத்தமைதி இதனோடு பெரிதும் ஒத்தமையின், ஒன்றன் பதிவு மற்றொன்றன்கீழ் வருவதுண்டு. திருப்பதியோ ‘திரிப்பெட்டி’, ‘திரிப்பட்டி’ என்றெல்லாம் எழுதப்பெற்றது. இவ்வடிவங்கள் திருப்பத்தூரைக் குறிக்கும் பழைய ஆங்கில வடிவங்களோடு மயங்க இடமுண்டு. ஊர்ப்பெயராய்வில் தமிழ்த்துறைகள் பெற்றுள்ள பயிற்சி இங்கே நேரிடையாகப் பயன்படும். ஊரின் பெயர் ஐயத்திற்குரியதாயின் குருவின் பெயரையும் படைப்பிரிவின் பெயரையும் கொண்டு இடத்தை உறுதி செய்யலாம்.

ஆட்பெயரில் சிக்கல் இன்னும் மிகுதி. இத்தளங்கள் அனைத்தும் குடும்பப்பெயரை முதன்மையாகக் கொண்டவை. தந்தை பெயரின் தலையெழுத்தைத் தன் பெயர்க்கு முன் இடும் தமிழ் வழக்கிற்கு அவற்றில் இடமில்லை. ஒரு தலைமுறையில் இயற்பெயராக இருந்தது அடுத்த தலைமுறையில் குடும்பப்பெயராகப் பதியப்பெற, அதற்கடுத்த தலைமுறையில் மறைந்தே போகும். இந்தியாவில் கணக்கெடுப்பு ஏடுகள் பெயர்வாரியாக ஆய்வாளர்க்குத் திறக்கப்பெறுவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதனைத் தடுக்கிறது. எனவே 1841ஆம் ஆண்டு ஏட்டில் ஓர் ஆங்கிலத் தொழிலாளி தன் முன்னோனைக் காண்பது போலச் சித்தூர்த் தமிழர் ஒருவர் காண்பதற்கு ஒத்த ஆவணம் நம்மிடம் இல்லை.

தாயின் பெயர்

இக்கட்டுரையின் மையப் பொருள் இதுவே. 1689இல் சென்னைக் கோட்டைத் தூய மரியன்னை ஆலயத்தில் ஜாப் சார்னாக்கின் மகளிர் மூவர் திருமுழுக்குப் பெற்றனர். மேரி, எலிசபெத், காத்தரின் என்ற அவர்தம் பெயர்களை நாம் அறிவோம். அவர்களைப் பெற்ற இந்தியப் பெண்ணின் பெயரோ உறுதியாகக் கிடைக்கவில்லை. பிற்காலக் கதைகளே உள்ளன. கல்கத்தாவோடு தொடர்புபடுத்திப் பேசப்பெறும் ஒருவரின் இல்லத்திற்கே இந்நிலை எனின், சித்தூர்ப் படைவீட்டில் இருந்த சிப்பாய் ஒருவனின் இல்லத்தைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. மணவுறவின்றிப் பிறந்த குழந்தையின் பதிவில் தந்தை பெயரை எழுதித் தாயைச் ‘சுதேசிப் பெண்’ என்ற அளவில் குறிப்பதும், குறிக்காமலே விடுவதும் அக்காலப் பதிவேடுகளில் பரவலாகக் காணப்பெறுவன. பெயர் இல்லாதபோது அட்டவணையில் அவள் இடம்பெறுவதில்லை. அட்டவணையில் இல்லாதவளைத் தேடுபொறி காட்டுவதுமில்லை.

இக்குழந்தைகளின் வாழ்வைக் கம்பெனியின் ஆணைகள் வகுத்தன. 1786இல் படையினரின் கலப்பினக் குழந்தைகள் கல்விக்காக இங்கிலாந்து செல்வது தடுக்கப்பெற்றது. 1791இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தோர் கம்பெனியின் உயர்பணிகளினின்றும் விலக்கப்பெற்றனர். 1789இல் சென்னையில் தோன்றிய படையினர் ஆண்மக்கள் அநாதை விடுதி இத்தகைய சிறுவர்களை ஏற்றது. ஆண்ட்ரூ பெல் அங்குக் கையாண்ட கல்விமுறை பின்னர் ‘சென்னை முறை’ என இங்கிலாந்தெங்கும் பரவியது. கல்வி வரலாற்று நூல்கள் பெல்லைப் போற்றுகின்றன. அச்சிறுவர்களின் தாயரைக் குறிப்பன அரிய.

தாயின் பெயர் தப்பிப் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. அஃது உயில். இந்தியாவில் இறந்த ஐரோப்பியரின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘எல் ஏஜி 34’ என்ற பிரிவில் உள்ளன. திருமுழுக்குப் பதிவில் பெயரற்றிருந்த பெண்ணுக்குத் தன் இறுதிக் காலத்தில் மாதப்படி எழுதிவைத்தவன், அதனைப் பெறுவதற்காகவேனும் அவள் பெயரைக் குறித்தாக வேண்டியிருந்தது. வங்காளத்து உயில்களை இவ்வகையில் ஆராய்ந்த துர்பா கோஷின் நூல் 2006இல் வெளிவந்தது. வடஆர்க்காட்டு உயில்களை அவ்வாறு முறையாக ஆராய்தல் வேண்டும். அப்பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பெற்றவை. அவற்றுள் எது தமிழ்ப்பெயர், எது தெலுங்குப்பெயர், எது தக்கணி உருதுப்பெயர், எது திருமுழுக்கின்போது இடப்பெற்ற பெயர் எனப் பிரித்தறிய இப்பகுதியின் மொழிகளை அறிந்தவரே வேண்டும். இலண்டன் அட்டவணையாளரிடம் இதனை எதிர்பார்த்தல் தகாது.

இஃது ஏட்டளவில் நின்ற செய்தி அன்று. இந்திய அரசியலமைப்பின் 366ஆம் பிரிவு, தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராக இருத்தலைக் கொண்டே ஆங்கிலோ இந்தியரை வரையறுக்கிறது. தாய்வழி அங்கே கணக்கில் இல்லை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் அச்சமூகத்திற்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தன. பிரித்தானியா குடிபுக விரும்பியோரும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்நாட்டில் பிறந்த முன்னோரையே சான்றுகாட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பிய முன்னோனுக்குச் சான்று தேடிய தலைமுறைகள், தமிழ்த் தாய்க்குச் சான்று தேடத் தேவையின்றி அவளை மறந்தன. அப்பெண்ணை மறைப்பதில் பதிவேட்டை எழுதிய குருவுக்கு எத்துணைப் பங்குண்டோ, அத்துணைப் பங்கு பின்னாளைய சட்டங்களுக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்விடத்தில் திருமலைக் கல்வெட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. 966ஆம் ஆண்டளவில் அக்கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்ற காடவன் பெருந்தேவியின் கொடை தமிழில் பொறிக்கப்பெற்றுள்ளது. அவள் சத்தி விடங்கனின் தேவி என்பதும், பல்லவப் பேர்கடையாரின் மகள் என்பதும் அதனால் அறியப்பெறுகின்றன. ஒரு பெண்ணின் இயற்பெயர், பிறிதொரு பெயர், தந்தை, கணவன் என நான்கு செய்திகளும் அதிற் கிடைக்கின்றன. அவள் அரசகுலத்தாள், செல்வமுடையாள் என்பது உண்மையே. கல்லில் பெயர் பெறும் வாய்ப்பு எளிய பெண்டிர்க்கு அன்றும் இருந்ததில்லை. ஆயினும் தேவஸ்தானம் 1931 முதல் 1938 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட, பெரும்பாலும் தமிழில் அமைந்த அக்கல்வெட்டுகள் ஊர், கோத்திரம், தந்தை பெயர் முதலியவற்றைக் குறிப்பதால் சிறந்த குடிவழி ஆவணங்களாகவும் விளங்குகின்றன. அவற்றுக்குப் பெயர்வாரியான இணையச் சொல்லடைவு ஒன்று அமையின், ஆங்கிலக் குடும்பங்கள் பெற்றுள்ள வசதியில் ஒரு சிறு பகுதியேனும் இப்பகுதிக் குடும்பங்களுக்கும் கிட்டும்.

ஆங்கிலேயர் அல்லாத ஐரோப்பியர்

திருப்பதியில் ஐரோப்பியப் பெயரைக் கண்டவுடன் அவரை ஆங்கிலேயர் எனக் கொள்ளுதல் கூடாது. அங்குப் பள்ளி நடத்தியோர் செருமனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் சபையார். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் சிறுவயதில் பயின்றது அவர்களுடைய பள்ளியிலேயே. அவர்தம் குடும்பச் செய்திகளைச் செருமானியச் சபை ஆவணங்களில் தேட வேண்டும். சித்தூரில் தொண்டாற்றிய ஆர்க்காட்டு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தது. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் அதனை நிறுவினர். அதன் ஆவணங்களுக்கு நியூ ஜெர்சியை நோக்க வேண்டும்.

ஆர்க்காட்டு மிஷனைச் சார்ந்த சபைகள் தமிழ்வழியே பெரிதும் இயங்கின. அவை 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையோடும், அதன்வழி 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடும் இணைந்தன. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவர் திருமணச் சட்டம் சுதேசிக் கிறித்தவரின் மணங்களுக்குத் தனி முறை வகுத்தது. இலண்டனுக்கு அனுப்பப்பெற்ற படிகள் ஐரோப்பியரையும் கலப்பினத்தாரையுமே பெரிதும் தழுவின. ஆகவே சித்தூர்த் தமிழ்க் கிறித்தவரின் பதிவுகளை எந்த மேலைநாட்டுத் தளத்திலும் தேடிப் பயனில்லை. பழைய சபைகளில் எஞ்சியுள்ள பதிவேடுகளையும், தமிழில் பொறித்த கல்லறைக் கற்களையும் படம்பிடித்துப் படியெடுப்பதே வழி. காட்டன் தம் தொகுதியில் சேர்த்தவை பெரிதும் ஐரோப்பியரின் கல்லறைகளே. அதே கல்லறைத் தோட்டங்களின் ஓரத்தில் உள்ள தமிழ்க் கற்களைத் தொகுத்தார் இலர். முதுகலை மாணவர் ஒருவரின் ஓராண்டு ஆய்வேட்டிற்கு இது பொருத்தமான பொருள். கற்கள் சிதைவதற்கு முன் தொடங்க வேண்டிய பணியும் ஆகும்.